ஊனமுற்ற விலங்கும் உடனிருந்த மனிதனும்

எங்கள் கல்லூரி விடுதியின் இரவுக் காவலர் ஒரு நாட்டு நாயை வளர்த்து வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில் சாலையைக் கடந்தபோது அதன் மீது வேன் ஒன்று மோதிவிட்டது. நாய் உயிர் பிழைத்தது. ஆனால் முதுகுத்தண்டில் அடிபட்டதால் பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. கால்நடை மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இனி இது நடக்க வழியில்லை. ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம். இல்லையென்றால் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

மறுநாள் மாலை காவலர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்றார். "சார், இதுக்குச் சக்கரம் வெச்ச வண்டி ஏதோ செய்யறாங்களாமே, நம்மால முடியுமா?" என்று கேட்டார். பிறகு சற்றுத் தயங்கி, "ஊர்ல சிரிக்கிறாங்க சார். மனுஷனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை, நாய்க்கு வண்டியான்னு கேக்கறாங்க" என்றார்.

அவருடைய முதல் கேள்விக்கு விடை இயற்பியலில் இருந்தது. அதைப் பின்னர்ப் பார்ப்போம். இரண்டாவது கேள்விக்கு விடை வரலாற்றில்தான் தேட வேண்டியிருந்தது. ஊனமுற்ற, எந்தப் பயனும் தராத ஒரு விலங்கைச் சோறு போட்டுக் காப்பாற்றுவது இன்றைய வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கா? அல்லது அதற்கு நீண்ட பழமை உண்டா?

ஒரு நாய்க்குட்டியின் பற்கள்

ஜெர்மனியில் பான் நகரை அடுத்து ஓபர்காசல் என்ற ஊர் உள்ளது. 1914ஆம் ஆண்டு அங்குள்ள கருங்கல் குவாரியில் வேலை செய்தவர்கள் பழங்காலப் புதைகுழி ஒன்றைக் கண்டனர். அதில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகள் இருந்தன. அவற்றின் மீது செந்நிறக் காவிப் பொடி தூவப்பட்டிருந்தது. அவற்றோடு சில விலங்கு எலும்புகளும் கிடைத்தன. தொடக்கத்தில் அவற்றை ஓநாயின் எலும்புகள் என்றே எண்ணினர். அவை வளர்ப்பு நாயின் எலும்புகள் என்பது 1970களின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று.

இந்தப் புதைகுழியின் வயது ஏறத்தாழ 14,200 ஆண்டுகள். இதை எப்படி அறிந்தனர்? உயிருள்ள ஒவ்வோர் உடலிலும் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் மிகச் சிறிதளவு உண்டு. உயிர் போனபின் புதிய கார்பன் உள்ளே சேர்வதில்லை. இருப்பது மட்டும் சிதைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். அடுத்த 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியும் பாதியாகும். 14,200 ஆண்டுகள் கழிந்த எலும்பில், தொடக்கத்தில் இருந்ததில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் எஞ்சியிருக்கும். இதை அளந்து, மர வளையங்கள் முதலியவற்றின் துணைகொண்டு திருத்தம் செய்து வயதைக் கணிக்கின்றனர். வேளாண்மை தோன்றுவதற்கும், ஆடுமாடுகளை மனிதன் பழக்குவதற்கும் சில ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட காலம் அது.

இங்கு நமக்கு வேண்டியது எலும்பைவிடப் பற்கள்தாம். 2018ஆம் ஆண்டு லூக் யான்சென்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அப்பற்களை நுணுகி ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், பல் ஈறுக்குள் வளரும்போதே நாளுக்கு நாள் படிந்து உருவாவது. அந்நாட்களில் உடல் கடும் நோய்க்கு ஆளானால் எனாமல் படிவது தடைப்படும். நோய் நீங்கியபின் படிவு மீண்டும் தொடங்கினாலும், இடையில் விட்டுப்போன இடம் குறுக்குக் கோடாக நின்றுவிடும். தோலில் பட்ட காயம் ஆறும். எலும்பு முறிவும் கூடும். ஆனால் எனாமலில் விழுந்த குறை ஆறுவதேயில்லை. மரத்தின் வளையங்கள் வறட்சி ஆண்டைக் காட்டுவதுபோல் பல்லின் கோடுகள் நோயுற்ற வாரங்களைக் காட்டுகின்றன.

அந்தக் குட்டி இறந்தபோது அதற்கு ஏறத்தாழ 28 வார வயது. 19ஆவது வாரத்துக்கும் 23ஆவது வாரத்துக்கும் இடையில் அது மூன்று முறை கடுமையாக நோயுற்றிருந்தது. அந்நோய் டிஸ்டெம்பர் எனப்படும் வைரஸ் காய்ச்சலாக இருக்க வேண்டும் என்பது அக்குழுவினரின் முடிவு. கடும் காய்ச்சல், வாந்தி, கழிச்சல், உணவில் வெறுப்பு, பின்னர் வலிப்பு ஆகியன இந்நோயின் இயல்பு. நோயுற்ற குட்டி தானாகச் சென்று நீர் குடிக்காது. தன் கழிவிலேயே கிடக்கும். யாரும் பராமரிக்காவிட்டால் மூன்று வாரங்களுக்குள் மடிந்துவிடும். இந்தக் குட்டியோ அதன் பிறகும் பல வாரங்கள் வாழ்ந்தது. யாரோ அதற்கு நீர் புகட்டியிருக்கிறார்கள், உடலைத் துடைத்திருக்கிறார்கள், குளிரில் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

நோயின் பெயரைப் பற்றி அறிஞர்களிடையே ஐயம் உண்டு. டிஸ்டெம்பர் வைரஸ் அவ்வளவு பழமையானதன்று என்று கருதுவோரும் இருக்கின்றனர். நோயின் பெயர் எதுவாயினும், பல்லில் மூன்று முறை எழுதப்பட்ட கடும் நோயும், அதைத் தாண்டி அக்குட்டி வாழ்ந்த வாரங்களும் மறுக்க முடியாதவை. அந்நிலையில் இருந்த ஐந்து மாதக் குட்டி வேட்டைக்கு உதவாது, காவலுக்கும் உதவாது. அப்படியிருந்தும் அதைக் காத்து, இறந்தபின் மனிதரோடு சேர்த்துப் புதைத்தனர். ஊராரின் கேள்விக்கு முதல் விடை இந்தப் பற்களில் கிடைக்கிறது.

கல்லில் பொறித்த ஆணை

பல்லில் படிந்த எழுத்தை விட்டுக் கல்லில் பொறித்த எழுத்துக்கு வருவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த பெரும் பாறைக் கல்வெட்டுகளுள் இரண்டாவது, குஜராத்தின் கிர்னார் உள்ளிட்ட பல இடங்களில் காணப்படுகிறது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் ஆக இருவகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததை அது கூறுகிறது. மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய்ப் பயிரிடச் செய்ததையும், மனிதரும் விலங்குகளும் பயன்பெறக் கிணறு வெட்டி மரம் நட்டதையும் குறிப்பிடுகிறது. இந்த ஏற்பாடு நடந்த எல்லைப்புற நாடுகளின் பட்டியலில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் பெயர்களும், தாமிரபரணி என்று இலங்கையும் வருகின்றன.

இதை விலங்கு மருத்துவமனை என்றே பொருள்கொள்வாரும் உண்டு. மருத்துவ ஏற்பாடு என்ற அளவில் நிறுத்துவாரும் உண்டு. எப்படியாயினும், மனிதருக்கு மருத்துவம் முடிந்தபின் மிச்சமிருந்தால் விலங்குக்கு என்று அந்த ஆணை கூறவில்லை. இரண்டையும் ஒரே வரியில் அருகருகே வைக்கிறது.

பல்லில்லாத நாய்களுக்குச் சோறிட்டவர்கள்

எகிப்தின் செங்கடற் கரையில் பெரெனிகே என்ற துறைமுகம் இருந்தது. ரோமானியர் காலத்தில் இந்தியக் கப்பல்கள் வந்து சேர்ந்த இடம் அது. இந்தியாவில் செய்த பெரிய தாழி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. கொற்றன் என்னும் தமிழ்ப் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கிய பானை ஓடும் அங்குக் கிடைத்தது. நம் முன்னோர் கால்பதித்த ஊர் என்று கூறலாம்.

அந்த ஊரின் புறத்தே, பழைய குப்பைமேட்டுக்கு அடியில் ஒரு விலங்கு இடுகாடு இருப்பதைப் போலந்து நாட்டு ஆய்வாளர் மார்த்தா ஓசிப்பின்ஸ்கா வெளிப்படுத்தினார். கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்த இடத்தில் 585 விலங்குகளின் எச்சங்கள் கிடைத்ததாக அவருடைய குழுவினர் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை நாய்களும் குரங்குகளும். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன குரங்குகளும் அவற்றுள் உண்டு.

எகிப்தில் விலங்குகளைக் கோயிலுக்குப் பலியாக்கிப் பதப்படுத்திய வழக்கம் நாம் அறிந்ததே. பெரெனிகே விலங்குகளோ பதப்படுத்தப்பட்டவை அல்ல. உறங்குவதுபோல் படுக்க வைக்கப்பட்டு, துணியாலோ பானை ஓட்டாலோ மூடப்பட்டவை. சில பூனைகளின் கழுத்தில் இரும்பு வளையமும் மணிமாலையும் இருந்தன. அவை செல்லப் பிராணிகள் என்பதற்கு இது சான்று.

ஓசிப்பின்ஸ்கா கால்நடை மருத்துவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு எலும்புகளை ஆராய்ந்தார். நாய்களுள் பல முதுமை வரை வாழ்ந்தவை. பல் பெரும்பாலும் உதிர்ந்தவை, ஈறு நோய் கண்டவை, மூட்டுகள் தேய்ந்து நடமாட்டம் குறைந்தவை இருந்தன. ஒரு பெரிய நாய் எலும்புப் புற்றுநோயால் இறந்திருந்தது. அதைப் பனையோலைப் பாயில் சுற்றி, மேலே உடைந்த சாடியின் பாதியை வைத்து மூடியிருந்தனர். அதன் வயிற்றுப் பகுதியில் கடைசி உணவின் எச்சமாக மீனும் ஆட்டிறைச்சியும் தென்பட்டன.

அந்த ஊர் பாலைவனத்தின் ஓரத்தில் இருந்தது. நைல் நதிக்கரையின் காப்டஸ் நகரிலிருந்து அங்கு வந்து சேர 12 நாள் ஆகும் என்று ரோமானிய ஆசிரியர் பிளினி குறித்துள்ளார். தானியமும் இறைச்சியும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வரவேண்டும். நல்ல குடிநீரும் அரிது. அத்தகைய ஊரில் பல்லில்லாத நாய் பிழைக்க வேண்டுமானால் யாரேனும் உணவை மென்மையாக்கி அதன் முன் வைத்திருக்க வேண்டும். ஒட்டகத்தின் முதுகில் பன்னிரண்டு நாள் பயணம் செய்து வந்த உணவில் ஒரு பங்கு, எழுந்து நடக்க முடியாத நாய்க்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மேலைநாட்டுப் பயணிகளின் வியப்பு

பெரெனிகேயில் தனி மனிதர் தம் வீட்டில் செய்ததை, குஜராத்தில் ஊரே சேர்ந்து செய்தது. 1583ஆம் ஆண்டு இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு இந்தியாவுக்கு வந்த வணிகர் ரால்ப் பிட்ச், காம்பே நகரில் நொண்டி நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் விடுதிகள் இருப்பதைக் கண்டு எழுதினார். கிழக்கே கூச் பிகார்ப் பகுதியிலும், கிழமும் நொண்டியுமான விலங்குகளைச் சாகும்வரை வைத்துக் காக்கும் இடங்கள் உள்ளதைக் குறித்தார்.

1623ஆம் ஆண்டு காம்பேக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே பறவைகளுக்கான மருத்துவ விடுதிக்குள் சென்றார். அங்கே தாயை இழந்த சில எலிக்குஞ்சுகளையும் கண்டார். வெள்ளைத் தாடியுடன் மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர், பறவையின் இறகால் பாலைத் தொட்டு அவற்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாராம்.

சமணர்களும் வணிகப் பெருமக்களும் நடத்திய இந்த விடுதிகளுக்குப் பாஞ்சராபோல் என்று பெயர். பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்து 1832ஆம் ஆண்டு கலகம் மூண்டது. அதன்பின் 1834ஆம் ஆண்டு ஜாம்செட்ஜி ஜீஜீபாய் முதலான செல்வர்கள் அங்கு ஒரு பாஞ்சராபோலை நிறுவினர். இவ்விடுதிகளில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. கொல்லாமை என்ற அறத்தால் விலங்கின் உயிர் காக்கப்பட்டதே தவிர, அதன் வலியைத் தீர்க்கும் மருத்துவ அறிவு அன்று போதுமான அளவு இல்லை. அந்த அறிவு வேறொரு பாதையில் வளர்ந்தது.

பயனைப் பார்த்த மருத்துவம்

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1762ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் குளோத் பூர்ஷலா என்பவரால் தொடங்கப்பட்டது. மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த வெக்கை நோயைத் தடுப்பதும், குதிரைகளைப் பேணுவதும் அதன் நோக்கம். 1903ஆம் ஆண்டு சென்னை வேப்பேரியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் பெயரிலும் கால்நடை என்ற சொல்லே முன் நிற்கிறது. உழும் மாடு, இழுக்கும் குதிரை, கறக்கும் பசு ஆகியவற்றைக் காக்கப் பிறந்த அறிவியல் அது. கால் ஒடிந்த குதிரைக்கு அந்த அறிவியல் நெடுங்காலம் தந்த மருந்து துப்பாக்கிக் குண்டுதான்.

அதற்குக் கல் நெஞ்சம் மட்டும் காரணமன்று. குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோ. அது நான்கு சிறிய குளம்புகளின் மீது நிற்கிறது. ஒரு கால் ஒடிந்தால் எதிர்க்கால் கூடுதல் சுமையைப் பல வாரங்கள் தாங்க வேண்டும். அப்போது குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய தகடுகள் அழற்சியுற்றுப் பிரிந்துபோகும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை பார்பரோவின் பின்னங்கால் 2006ஆம் ஆண்டு மே மாதம் ஓட்டத்தின் நடுவே இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் உலோகத் தகடும் திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தனர். ஆனால் மற்றொரு பின்னங்காலின் குளம்பில் இந்நோய் கண்டது. எட்டு மாதம் போராடியபின், வலி தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டது என்று உணர்ந்து, 2007 ஜனவரி 29ஆம் நாள் அதன் உயிரை அமைதியாக முடித்தனர்.

இதையும் நாம் மறைக்கக் கூடாது. எல்லா ஊனமும் ஒன்றல்ல. விலங்கின் பயன் தீர்ந்துவிட்டதா என்பது சரியான கேள்வியன்று. வலியைக் கட்டுப்படுத்த முடியுமா, அது விரும்பி உண்கிறதா, தன் சுற்றத்தை நாடுகிறதா என்பவையே சரியான கேள்விகள். இவற்றுக்கு "இல்லை" என்பதே விடையானால், மருத்துவரின் ஊசியும் பரிவின் ஒரு வடிவமே.

மூன்று காலும், சக்கரமும், செயற்கைக் காலும்

நாயின் நிலை குதிரையினும் வேறானது. நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ஒரு பின்னங்காலை இழந்த நாய் விரைவில் ஓடப் பழகிவிடுவதைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். முன்னங்காலை இழந்த நாய்க்கு அது சற்றுக் கடினம். இழந்தது கூடுதல் சுமை தாங்கிய கால் அல்லவா? மூன்று கால் முக்காலி சமமற்ற தரையிலும் ஆடாது நிற்பதை நாம் அறிவோம். மூன்று பாதங்களை இணைக்கும் முக்கோணத்துக்குள் ஈர்ப்பு மையத்தின் செங்குத்துக் கோடு விழும்வரை பொருள் சாயாது. மூன்று கால் நாய், எஞ்சிய கால்களை உடலின் நடுவே சற்று நகர்த்தி ஊன்றி இந்த விதியை நிறைவேற்றிக்கொள்கிறது. யாரும் அதற்குக் கற்றுத் தருவதில்லை.

பின்னங்கால் இரண்டும் செயலிழந்த நாய்க்குத்தான் வண்டி வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லிங்கன் பார்க்ஸ் 1960களில் இத்தகைய இருசக்கர வண்டிகளை வடிவமைத்துப் பரப்பினார். அமைப்பு எளியது. இடுப்பைத் தாங்க ஒரு தொட்டில். அதன் கீழே அச்சும் இரு சக்கரங்களும். பக்கங்களில் இரு தண்டுகள். அவை தோளில் மாட்டும் பட்டையோடு இணையும்.

இதில் நுட்பம் அச்சின் இடத்தில்தான் உள்ளது. பின்னுடலின் எடை 7 கிலோ என்றும், தோள் பட்டைக்கும் தொட்டிலுக்கும் இடையே 45 செ.மீ. என்றும் கொள்வோம். அச்சு தொட்டிலுக்கு நேர் கீழே இருந்தால் 7 கிலோவும் சக்கரத்தின் மீதே இறங்கும். அச்சு 15 செ.மீ. பின்னால் தள்ளிப்போனால், திருப்புத்திறன் விதிப்படி 7 கிலோவில் 60க்கு 15 பங்கு, அதாவது 1¾ கிலோ, தோளை அழுத்தும். ஏற்கெனவே உடலை இழுத்துச் செல்லும் முன்னங்கால்களுக்கு இது வீண் சுமை. அச்சு தொட்டிலுக்கு முன்னால் வந்துவிட்டாலோ, தண்டுகள் மேலெழும்பி நெஞ்சுப் பட்டையைத் தூக்கும். கால் தரையில் சரியாக ஊன்றாது.

சிறிய நாய்க்குத் தோளென்றால் பெரிய யானைக்கு என்ன செய்வது? 2006ஆம் ஆண்டு தாய்லாந்து, மியான்மர் எல்லை அருகே மோஷா என்ற ஏழு மாத யானைக்கன்று கண்ணிவெடியை மிதித்து வலது முன்னங்காலின் கீழ்ப்பகுதியை இழந்தது. லம்பாங் நகரிலுள்ள ஆசிய யானை நண்பர்கள் அமைப்பின் மருத்துவமனை அதைக் காத்தது. மனிதருக்குச் செயற்கைக் கால் செய்துவந்த எலும்பு மருத்துவர் தெர்ட்சாய் ஜிவகேட் அதற்கும் கால் செய்து தந்தார். கன்று வளர வளரக் காலை மாற்ற வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு 2,000 கிலோவைத் தாண்டியிருந்த மோஷாவுக்குப் பொருத்தப்பட்டது ஒன்பதாவது கால்.

இங்குப் பிரச்சினை எடையன்று, அழுத்தம். 2,000 கிலோ யானையின் ஒரு முன்னங்கால் ஏறத்தாழ 600 கிலோ தாங்கும். அது கால் துண்டின் நுனியில் 200 சதுர செ.மீ. பரப்பில் மட்டும் இறங்குவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 3 கிலோ அழுத்தும், தோல் புண்ணாகும். காலைச் சுற்றிக் கவ்வும் உறை 600 சதுர செ.மீ. பரப்பில் சுமையைப் பகிர்ந்தால் அழுத்தம் மூன்றில் ஒன்றாகும். செயற்கைக் காலின் வெற்றி அதன் உலோகத்தைவிட அந்த உறையின் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

நாமே உண்டாக்கும் ஊனம்

விபத்தாலும் முதுமையாலும் வரும் ஊனத்தைப் பார்த்தோம். அழகுக்காக மனிதனே வளர்க்கும் ஊனமும் உண்டு. 1961ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் மடிந்த காதுகளுடன் ஒரு வெள்ளைப் பூனை காணப்பட்டது. அந்த அழகை விரும்பி அதன் வழியில் ஓர் இனத்தையே பெருக்கினர். காதை மடியச் செய்யும் அதே மரபணுக் குறை உடலெங்கும் குருத்தெலும்பைப் பாதித்து மூட்டுகளில் தீராத வலியைத் தரும் என்பது பின்னர்த் தெரிந்தது. குட்டைக்கால் டேக்ஸ்ஹண்டு நாய்களுக்கு முதுகுத்தண்டின் வட்டுகள் பிதுங்கிப் பின்னங்கால் செயலிழப்பதும் இவ்வகைத் தேர்வின் விளைவே. வெள்ளை நிறமும் நீலக் கண்ணும் உடைய பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை டார்வின் குறித்திருக்கிறார். ஊனமுற்ற விலங்கை நேசிப்பது வேறு, ஊனத்தையே அழகென்று விலைக்கு வாங்கி அதைப் பெருகச் செய்வது வேறு.

வீட்டில் வேண்டுவன

ஊனமுற்ற விலங்கு நம்மிடம் கேட்பது பெரும்பாலும் பணத்தையன்று, ஒழுங்கான வேலையை. பின்னங்கால் செயலிழந்த நாய்க்குச் சிறுநீர் தானாகப் பிரியாமல் போகலாம். அதன் பையை மெல்ல அழுத்தி நாளொன்றுக்குச் சில முறை வெளியேற்ற வேண்டும். இதை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. படுக்கைப் புண் வராமலிருக்க மெத்தென்ற விரிப்பும், சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும் தேவை. வண்டியில் நாள் முழுதும் விடலாகாது. பட்டை உரசும் இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும்.

பார்வை இழந்த நாய்க்கு மூக்கும் காதுமே வழிகாட்டிகள். தண்ணீர்க் கிண்ணத்தையும் நாற்காலியையும் அடிக்கடி இடம் மாற்றாதிருந்தாலே பாதித் துன்பம் தீரும். செவிட்டு நாய்க்குக் கைச்சைகை போதும். உறங்கும்போது திடீரென்று தொடாமல், தரையைத் தட்டி அதிர்வால் எழுப்ப வேண்டும். ஊனம் என்று நாம் கருதுவதில் ஒரு பகுதி நம் வீட்டு அமைப்பிலும் பழக்கத்திலும் இருக்கிறது.

சட்டமும் இதைக் கூறுகிறது. ருக்மிணிதேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் விளைவாக விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு வந்தது. வளர்ப்பவர் விலங்கின் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று அது விதிக்கிறது. தக்க காரணமின்றிப் பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதும் அதன்படி குற்றம். நொண்டியானதும் நாயை வேறு தெருவில் இறக்கிவிட்டு வருவோர் இதை அறிவது நலம்.

இனி நம் காவலருக்கு வருவோம். பிளாஸ்டிக் குழாய்களையும், பழைய சிறுவர் சைக்கிளின் இரு சக்கரங்களையும் கொண்டு நானும் சில மாணவர்களும் வண்டி ஒன்றைச் செய்தோம். முதல் முயற்சி தோல்வி. அச்சைப் பின்னால் வைத்துவிட்டதால் நாய் பத்தடி நடந்து படுத்துக்கொண்டது. அச்சை முன்னுக்கு நகர்த்தினோம். இரண்டாம் நாள் அது விடுதி முற்றத்தைச் சுற்றி வந்து, உணவுக்கூடத்தின் வாசலில் வழக்கமான இடத்தில் நின்று வாலில்லாத குறையைத் தலையை ஆட்டித் தீர்த்துக்கொண்டது. வாலும் செயலிழந்திருந்தது அல்லவா? அதன் பின் இரண்டரை ஆண்டுகள் வாழ்ந்தது. வண்டியால் மட்டும் அது வாழவில்லை. காவலரும் அவர் மனைவியும் விடியலிலும் இரவிலும் மாறி மாறிச் செய்த பணிவிடையால் வாழ்ந்தது.

அவருடைய இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: "சிரிக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. நீங்க செய்யறது புதுசு இல்லை. பதினாலாயிரம் வருஷமா மனுஷன் செய்யறதுதான். வண்டி மட்டும்தான் புதுசு."

மனிதருக்கு மருத்துவ வசதி போதவில்லை என்பது உண்மை. அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறையை நொண்டி நாயின் சோற்றிலிருந்து எடுத்து நிரப்ப முடியாது. அந்த நாய் இறந்தபின் அதை விடுதித் தோட்டத்து வேப்ப மரத்தடியில் புதைத்தோம். முறிந்து, பின் வளைந்து கூடிய அதன் முதுகெலும்பு அங்கே மண்ணுக்குள் இருக்கிறது. என்றாவது ஒருவர் தோண்டி எடுத்து ஆராய்ந்தால், அடிபட்ட பிறகும் அது இரண்டரை ஆண்டுகள் தனியாக இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியவரும்.